தலையில் பட்ட அடியும் பறிபோன இடமும்

பத்திரிகை அலுவலகத்தில் வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்துக் கொண்டிருந்த காலத்தில், எங்கள் பக்கங்களில் ஒருபோதும் இடம்பெறாத செய்திகளையும் வாசித்து முடிக்கும் ஒரு வீண் பழக்கம் எனக்கு இருந்தது. செய்தி முகவரகங்கள் அனுப்பும் விளையாட்டுச் செய்திகளில் அமெரிக்க உதைபந்தாட்டம் பற்றியவை நாள்தோறும் வந்து குவியும். எமது வாசகர்களுக்கு அந்த ஆட்டம் தெரியாது என்பதால் அவை அப்படியே குப்பைக்குப் போகும். அவற்றை வாசித்து வாசித்தே அந்த ஆட்டத்தின் விதிகளை ஓரளவு கற்றுக் கொண்டேன். மிகுதியைக் கலிபோர்னியாவில் வசிக்கும் என் அக்காவின் மகன் தொலைபேசியில் கற்றுத் தந்தான்.

2012 நவம்பர் மாத இறுதியில் அவனுக்கும் எனக்கும் இடையில் ஒரு வாக்குவாதம் ஆரம்பமாயிற்று. அது இன்றுவரை முடியவில்லை. சான் பிரான்சிஸ்கோ போர்ட்டிநைனர்ஸ் அணியில் இரண்டு திறமையான குவாட்டர்பக்குகள் இருந்தார்கள். களத்தில் ஒருவருக்குத்தான் இடம். பயிற்றுநர் ஒருவரைத் தெரிவு செய்தார். அந்தத் தெரிவு சரியானதா என்பதே எங்கள் வழக்கு.

"மாமா, வெல்லுறதுக்குத்தானே விளையாடுறவை? ஆர் நல்லா விளையாடுறானோ அவனைத்தானே விடவேணும்?" என்பது அவனுடைய வாதம். அதில் பிழை சொல்ல ஏதுமில்லை. ஆயினும் நான் அன்று ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஏன் என்பதை ஆறுதலாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

அமெரிக்க உதைபந்தாட்டம் தெரியாத நண்பர்களுக்காகச் சில வார்த்தைகள். பெயரில் உதை இருந்தாலும் பந்தைக் காலால் உதைப்பது அங்கே அரிது. ஒரு பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் வழங்கப்படும்; அவற்றுக்குள் 10 யார் தூரமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள். ஒவ்வொரு முயற்சியின்போதும் பந்து முதலில் போய்ச் சேரும் கைகள் குவாட்டர்பக்குடையவை. அதை எறிவதா, ஓடுபவனிடம் கொடுப்பதா, தானே கொண்டு ஓடுவதா என்பதை இரண்டு மூன்று விநாடிகளுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். அந்த விநாடிகளில் நூற்றிருபது, நூற்று முப்பது கிலோ எடையுள்ள மனிதர்கள் அவரை நிலத்தில் சாய்ப்பதற்காகப் பாய்ந்து வந்து கொண்டிருப்பார்கள்.

இரண்டு பேரையும் மாற்றி மாற்றி விளையாட விட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். கிரிக்கெட்டில் இரண்டு சுழற்பந்து வீச்சாளர்கள் ஒரே ஆட்டத்தில் விளையாடலாம். இங்கே அது இயலாது. வாரத்துக்கு ஓர் ஆட்டம். அதற்கு முன்னர் சில நாட்களே பயிற்சி. அந்தப் பயிற்சியில் பெரும்பங்கை, ஆட்டத்தைத் தொடங்கப் போகிறவரே எடுத்துக் கொள்கிறார். பந்தைப் பிடிக்க ஓடுகிறவன் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து எறியப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒத்திசைவு பழக்கத்தால் மட்டும் வருவது. குவாட்டர்பக் குரல் கொடுக்கும் தாளத்துக்கு ஏற்பவே முன்வரிசை அசைகிறது; குரல் மாறினால் தாளமும் மாறும். ஆகவே இரண்டாமவர் எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் அவர் இடம் களத்தின் ஓரந்தான்.

அலெக்ஸ் ஸ்மித்தின் கதைக்கு வருவோம். 2005ஆம் ஆண்டு இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தெரிவு செய்யும் நிகழ்வில் முதலாவதாகத் தெரிவு செய்யப்பட்டவர் அவர். யூட்டா பல்கலைக்கழகத்தில் விளையாடியவர். அப்போது இருபது வயது. அதே நிகழ்வில் 24ஆவதாகவே தெரிவானவர், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஆரன் ரொஜர்ஸ். ரொஜர்ஸை விட்டு இவரைப் போய் எடுத்தார்களே என்ற ஏளனத்தை ஸ்மித் ஆண்டுக்கணக்கில் சுமந்தார். முதல் நான்கு ஆண்டுகளில் தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பான பயிற்றுநர்கள் ஆண்டுக்கொருவராக மாறினார்கள். தோள்பட்டைக் காயத்தால் 2008ஆம் ஆண்டு முழுவதும் அவர் விளையாடவேயில்லை. சொந்த மைதானத்தில் சொந்த இரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள்.

2011இல் ஜிம் ஹார்போ பயிற்றுநராக வந்தார். அவரும் ஒரு காலத்தில் குவாட்டர்பக்காக நெடுங்காலம் விளையாடியவர்தான். ஸ்மித்திடம் அதுவரை எவரும் காணாத ஒன்றை அவர் கண்டார். அந்த ஆண்டு அணி 13 ஆட்டங்களில் வென்று 3இல் மட்டுமே தோற்றது. பருவம் முழுவதிலும் ஸ்மித்தின் எறிதல்களில் எதிரணியினர் கைப்பற்றியவை ஐந்து மாத்திரமே. 2012 ஜனவரி 14ஆந் திகதி நியூ ஓர்லீன்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் தானே 28 யார் தூரம் ஓடி ஒரு முறை முன்னிலை பெற்றுத் தந்தார். எதிரணி மீண்டும் முந்தியதும், ஒன்பது விநாடிகள் எஞ்சியிருக்கையில் வேர்னன் டேவிஸுக்கு எறிந்த பந்தினால் 36-32 என்ற கணக்கில் வெற்றியைத் தேடிக் கொடுத்தார். ஏழு ஆண்டுகளாகக் கூச்சலிட்ட நகரம் அன்று எழுந்து நின்று அவரை வாழ்த்தியது.

2012ஆம் ஆண்டுப் பருவத்தில் இன்னும் நன்றாக விளையாடினார். ஒக்டோபர் 29ஆந் திகதி அரிசோனாவுக்கு எதிராக எறிந்த 19 பந்துகளில் 18 சரியான கைகளைப் போய்ச் சேர்ந்தன. பருவத்தில் அவர் எறிந்தவற்றில் நூற்றுக்கு 70 பங்கிற்குச் சற்று மேலானவை இலக்குத் தவறவில்லை. இந்த நிலையில்தான் நவம்பர் 11ஆந் திகதி சென் லூயிஸ் அணியுடனான ஆட்டத்தில் அவர் தலையில் அடிபட்டது. பார்வை மங்கியிருந்தது. அந்த நிலையிலும் சிறிது நேரம் விளையாடி, கோலுக்கு நிகரான ஒரு டச்டவுனுக்கும் பந்தை எறிந்தார். அதன் பின்னர் தன் பார்வை மங்குவதைச் சொல்லி வெளியேறினார். மூளை அதிர்வு என்று கண்டறியப்பட்டது.

அவருக்குப் பதிலாகக் களமிறங்கியவர் கொலின் கப்பர்னிக். 2011இல் 36ஆவதாகத் தெரிவானவர். நெவாடா பல்கலைக்கழகத்தில் விளையாடியவர். உயர்ந்த, நீண்ட கால்களையுடைய இளைஞர். ஸ்மித் அளந்து எறிபவர். கப்பர்னிக்கின் கையிலிருந்து பந்து அம்புபோல் புறப்படும். எறிய வழியில்லாவிட்டால் ஓடிவிடுவார். ஓடத் தொடங்கினால் பிடிப்பது கடினம். நவம்பர் 19ஆந் திகதி சிக்காகோ அணிக்கு எதிராக முதன்முதலாக ஆட்டத்தைத் தொடங்கினார். 23 எறிதல்களில் 16 வெற்றி. 243 யார் தூரம். அணி 32-7 என்று வென்றது. அடுத்த வாரம் நியூ ஓர்லீன்ஸை அதன் சொந்த மைதானத்தில் 31-21 என்று தோற்கடித்தார்கள்.

இதற்கிடையில் ஸ்மித் குணமடைந்து விளையாடலாம் என்று வைத்தியர்கள் அனுமதித்து விட்டார்கள். ஆனால் நவம்பர் 28ஆந் திகதி ஹார்போ, அடுத்த ஆட்டத்தையும் கப்பர்னிக்கே தொடங்குவார் என அறிவித்தார். அதன் பிறகு ஸ்மித்துக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்கவேயில்லை. தன் இடத்தை இழக்கும்படி தான் செய்த ஒரே காரியம் மூளை அதிர்வுக்கு உள்ளானதுதான் என்ற கருத்துப்பட அவர் செய்தியாளர்களிடம் கூறினார். அதற்குமேல் முறைப்பாடு செய்யவில்லை. கப்பர்னிக்குக்கு உதவினார்.

ஹார்போவின் பக்கத்து நியாயத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2013 ஜனவரி 12ஆந் திகதி கிறீன் பே அணிக்கு எதிரான இறுதிச் சுற்று ஆட்டத்தில் கப்பர்னிக் 181 யார் தூரம் ஓடினார். குவாட்டர்பக் ஒருவர் ஓர் ஆட்டத்தில் அதுவரை அவ்வளவு தூரம் ஓடியதில்லை. அடுத்து அட்லாண்டாவை வென்றார்கள். பெப்ரவரி 3ஆந் திகதி நியூ ஓர்லீன்ஸில் சுப்பர் போல் இறுதி ஆட்டம். எதிரணியான பால்டிமோரின் பயிற்றுநர் ஹார்போவின் சொந்தத் தமையன் ஜோன். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் 28-6 என்று பின்தங்கியிருந்த வேளை, மைதானத்தில் மின்சாரம் தடைப்பட்டு அரைமணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. அதன் பின்னர் கப்பர்னிக் அணியை இழுத்துக் கொண்டு வந்தார். இறுதியில் எதிரணியின் எல்லைக்கு 5 யார் தூரத்தில் மூன்று எறிதல்கள், மூன்றும் தவறின. 34-31 என்று தோல்வி. அது அவர் தொடக்க வீரராக விளையாடிய பத்தாவது ஆட்டந்தான்.

பத்தே ஆட்டங்களில் ஓர் இளைஞன் ஓர் அணியைக் கிண்ணத்துக்கு ஐந்து யார் அருகில் கொண்டு போனான் என்றால், அவனைத் தெரிவு செய்தவரை எப்படிக் குறை சொல்வது? அக்காவின் மகன் இன்றும் இதைத்தான் கேட்கிறான். ஸ்மித்தாக இருந்தால் அந்த ஐந்து யாரையும் கடந்திருப்பார் என்று நான் வாதிடப் போவதில்லை. அது எவருக்கும் தெரியாது. விளையாட்டுத் திறன் என்ற அளவுகோலை மட்டும் வைத்தால் ஹார்போவின் தெரிவு வலுவானது என்றே ஒப்புக் கொள்கிறேன். என் மறுப்பு வேறொரு இடத்தில் இருக்கிறது.

அந்த அணியின் வரலாற்றிலேயே இதற்கு முன்னர் இப்படியொரு வழக்கு இருந்தது. ஜோ மொன்டானா நான்கு சுப்பர் போல்களை வென்று தந்தவர். அவருக்குப் பின்னால் 1987 முதல் காத்திருந்தவர் ஸ்டீவ் யங். 1991 ஜனவரியில் நியூயோர்க் அணிக்கு எதிரான ஆட்டத்தில் மொன்டானா கடுமையாகச் சாய்க்கப்பட்டுக் காயமடைந்தார். பின்னர் முழங்கைக் காயத்தால் 1991 பருவம் முழுவதையும் 1992இல் பெரும்பகுதியையும் இழந்தார். அந்த இடைவெளியில் யங் லீக்கின் மிகச் சிறந்த வீரராகவே உயர்ந்து விட்டார். 1993இல் மொன்டானா கன்சாஸ் சிற்றி அணிக்கு அனுப்பப்பட்டார். அந்த நகரமே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. யங் 1995 ஜனவரியில் சான் டியாகோவுக்கு எதிரான சுப்பர் போலில் ஆறு டச்டவுன்களுக்குப் பந்தெறிந்து வாதத்தை முடித்து வைத்தார்.

2001இல் நியூ இங்கிலாந்து அணியில் ட்ரூ பிளெட்சோவின் கதையும் அத்தகையதே. செப்டெம்பர் 23ஆந் திகதி அடிபட்டு உடலுக்குள்ளே இரத்தம் கசிந்து உயிராபத்தான நிலைக்குப் போனார். அவர் மீண்டு வந்தபோது டொம் பிரேடி என்ற, அதுவரை எவரும் அறியாத இளைஞர் அவரது இடத்தில் நின்றார். பயிற்றுநர் பெலிசெக் பிரேடியையே வைத்துக் கொண்டார். அதன் பின்னர் நடந்ததை உலகம் அறியும். 2016இல் டலஸ் அணியில் முதுகெலும்பு முறிந்த டோனி ரோமோ, தன் இடத்தை டக் பிரெஸ்கொட் என்ற புதியவர் நியாயமாகச் சம்பாதித்து விட்டார் என்று தானே பகிரங்கமாகச் சொல்லி விலகி நின்றார்.

இந்த மூன்று வழக்குகளிலும் பயிற்றுநர்களின் பக்கமே நான் நிற்பேன். காயம் துரதிர்ஷ்டம், துரதிர்ஷ்டத்துக்கு நட்டஈடாக அணியின் வெற்றியைக் கொடுக்க வேண்டியதில்லை. அப்படியானால் ஸ்மித்துக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

முழங்கை முறிந்தால் படம் பிடித்துப் பார்க்கலாம். முதுகெலும்பு உடைந்தாலும் படத்தில் தெரியும். அந்தக் காயங்களை வீரன் மறைக்க நினைத்தாலும் நெடுநேரம் மறைக்க முடியாது. மூளை அதிர்வு அப்படியல்ல. பல வேளைகளில் வெளியே ஒரு கீறலும் இராது. நிழற்படத்திலும் ஒன்றும் தெரியாது. பார்வை மங்குவதையும் தலை சுற்றுவதையும் வெளிச்சம் கண்ணைக் கூசுவதையும் அறிந்தவன் அவன் ஒருவனே. அவன் வாய் திறந்து சொன்னால்தான் வைத்தியருக்குத் தெரியும். அந்த நோயைக் கண்டுபிடிக்கும் முதற்கருவி வீரனின் நேர்மைதான். நேர்மையாகச் சொன்னவன் தன் இடத்தை இழந்தான் என்று அறிந்த பிறகு, அடுத்தவன் சொல்வானா?

2012ஆம் ஆண்டு இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. அந்த ஆண்டு மே 2ஆந் திகதி, இருபது பருவங்கள் விளையாடிய ஜூனியர் சியோ 43ஆவது வயதில் தற்கொலை செய்து கொண்டார். மீண்டும் மீண்டும் தலையில் படும் அடிகளால் மூளை சிதைவடையும் நோய் அவருக்கு இருந்ததாக 2013 ஜனவரியில் ஆய்வின் முடிவு வெளியாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில் டேவ் டுவர்சன் என்ற முன்னாள் வீரர், தன் மூளையை ஆய்வுக்குக் கொடுக்க விரும்பி, தலையைத் தவிர்த்து நெஞ்சில் சுட்டு இறந்தார். மூளைக் காயங்களின் ஆபத்தை மறைத்ததாக லீக்கின்மீது ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் வழக்குத் தொடுத்திருந்தார்கள். 2013 ஓகஸ்ட் மாதம் 4,500க்கும் மேற்பட்டவர்கள் தொடர்புபட்ட அந்த வழக்கில் 76 கோடியே 50 இலட்சம் டொலர் இணக்கம் எட்டப்பட்டது. பின்னர் அந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது.

மூளை அதிர்வின் அறிகுறி தெரிந்தவன் அன்றே மீண்டும் களமிறங்கக் கூடாது, அணியைச் சாராத நரம்பியல் வைத்தியர் ஒருவரின் அனுமதியும் வேண்டும் என்ற விதிகளை 2009இலேயே லீக் கொண்டு வந்திருந்தது. நல்ல விதிகள். ஆனால் அவை எல்லாம் வீரன் பேசிய பிறகோ, பிறர் கண்டுபிடித்த பிறகோ நடைமுறைக்கு வருபவை. பேசுவதற்கு முந்திய அந்த ஒரு கணத்தைக் காக்கும் விதி எதுவும் இல்லை. "சொன்னால் என் இடம் போய்விடுமா?" என்று அவன் தனக்குள் கேட்கும் கணம் அது. ஹார்போவின் முடிவு லீக்கில் இருந்த ஏனைய வீரர்கள் அனைவருக்கும் அந்தக் கேள்விக்கான விடையைத் தெளிவாக எழுதிக் காட்டியது.

மொன்டானாவின் இடத்தைப் பெற்ற ஸ்டீவ் யங் எப்படி விடைபெற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். 1999 செப்டெம்பர் 27ஆந் திகதி அரிசோனாவுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் நினைவிழந்து விழுந்தார். அதற்கு முன்பும் அவருக்குப் பல தடவைகள் மூளை அதிர்வு ஏற்பட்டிருந்தது. அதன் பிறகு அவர் விளையாடவில்லை. 2000ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். அந்தச் சோகத்தைக் கண்ணால் கண்ட அணியே பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர் இந்த முடிவை எடுத்தது.

இவ்விடத்தில் என் கதையொன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஏனெனில் இந்த வழக்கில் நான் நடுநிலையானவன் அல்லன்.

2004ஆம் ஆண்டு நான் ஒரு பத்திரிகையின் வாரவெளியீட்டில் ஒரு பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். ஐந்தாறு ஆண்டுகளாக நானே கட்டி வளர்த்த பக்கம். அந்த ஆண்டு டெங்குக் காய்ச்சல் கண்டு வைத்தியசாலையில் படுத்து, பின்னர் வீட்டிலும் கிடந்து, ஒரு மாதத்துக்குப் பிறகே அலுவலகம் போனேன். என் மேசையில் ஒரு தம்பி இருந்து பக்கத்தை வடிவமைத்துக் கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "இருங்கோ, இருங்கோ" என்றேன். ஆசிரியர் என்னை அறைக்குள் அழைத்து, அவர் நன்றாகச் செய்கிறார், நீங்கள் வேறொரு பக்கத்தைப் பாருங்கள் என்றார். உண்மையில் அந்தத் தம்பி நன்றாகத்தான் செய்தார். நான் இல்லாத நான்கு வாரங்களின் பக்கங்களையும் அன்றிரவு வீட்டில் விரித்து வைத்துப் பார்த்தேன். என்னைவிட நன்றாகச் செய்திருந்தார் என்பதை மனைவியிடம் கூடச் சொல்லவில்லை.

இந்தக் கதையின் முக்கியமான பகுதி அதுவல்ல. இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் காய்ச்சல் வந்தது. இம்முறை எவருக்கும் சொல்லவில்லை. பனடோலை விழுங்கிவிட்டு ஐந்து நாட்கள் வேலைக்குப் போனேன். கையிலிருந்த புதிய பக்கத்தையும் இழந்துவிடுவேனோ என்ற பயம். ஐந்தாம் நாள் ஒரு மரண அறிவித்தல் செய்தியில் இறந்தவரின் பெயருக்குப் பதிலாக இரங்கலுரை ஆற்றியவரின் பெயரைத் தலைப்பாகப் போட்டு அனுப்பினேன். ஒப்புநோக்கியவரும் கவனிக்கவில்லை. மறுநாள் உயிரோடிருந்த அந்த மனிதர் தொலைபேசியில் பேசினார். கோபப்படவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. அதே நாள் மாலை வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டேன். இவ்வளவு நாளும் ஏன் வரவில்லை என்று வைத்தியர் கேட்டபோது என்னிடம் விடை இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது.

காய்ச்சலை மறைத்த எனக்கு ஒரு தலைப்புப் பிழையோடு போயிற்று. மூளை அதிர்வை மறைத்து விளையாடுபவனுக்கு அடுத்த அடி எங்கே கொண்டு போய்விடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் முடிவு இதுதான். உடம்பின் வேறெந்தப் பகுதியில் காயம்பட்டாலும் யார் விளையாடுவது என்பது பயிற்றுநரின் உரிமையாக இருக்கட்டும். தலையில் அடிபட்டு விலகியவன் வைத்தியரின் அனுமதியோடு திரும்பி வந்தால், அவன் விட்டுச் சென்ற இடம் குறைந்தது ஓர் ஆட்டத்துக்காவது அவனுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும். அந்த ஆட்டத்தில் அவன் சரியாக விளையாடாவிட்டால் பயிற்றுநர் மாற்றிக் கொள்ளலாம். அப்போது அவன் இடத்தை இழந்தது களத்தில். தான் சொன்ன உண்மையினால் அல்ல. கப்பர்னிக் போன்ற ஒருவர் இருந்திருந்தால் அவருடைய காலமும் சில வாரங்கள் தாமதித்து வந்திருக்கும், வராமல் போயிராது.

இதற்கு மருமகன் இரண்டு மறுப்புகளைச் சொல்கிறான். முதலாவது, ஓர் ஆட்டத்தில் தோற்றால்கூட அந்தப் பருவமே போய்விடக்கூடும். ஒருவனுடைய நியாயத்துக்காக ஐம்பத்து மூன்று பேரின் உழைப்பைப் பணயம் வைக்கலாமா என்பது. ஆனால் அந்த ஐம்பத்து மூன்று பேரும் தலையோடுதான் விளையாடுகிறார்கள். இன்று ஸ்மித்துக்குக் காட்டப்படும் நியாயம் நாளை அவர்களில் எவனுக்கும் தேவைப்படலாம். தவிரவும், ஹார்போ தெரிவு செய்த கப்பர்னிக் தொடங்கிய அடுத்த ஆட்டத்திலேயே, டிசம்பர் 2ஆந் திகதி, அணி சென் லூயிஸிடம் 16-13 என்று தோற்றது. எந்தத் தெரிவும் வெற்றிக்கு உத்தரவாதம் அல்ல.

இரண்டாவது மறுப்பு, இவ்வாறான விதியை எழுத முடியாது; திரும்பி வந்தவனை முதல் முயற்சியோடு வெளியே அழைத்து விடலாம் என்பது. அழைக்கலாம்தான். ஆனால் அதை எல்லோரும் பார்த்துக் கொண்டிருக்கையில் செய்ய வேண்டியிருக்கும். காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். விதி எழுதுவது லீக்குக்குப் புதிதுமல்ல. 2022 செப்டெம்பரில் மயாமி அணியின் டுவா டகோவைலோவா தலையில் அடிபட்டுத் தள்ளாடிய பிறகும் அதே ஆட்டத்தில் மீண்டும் விளையாட அனுமதிக்கப்பட்டார். நான்கு நாட்களின் பின்னர் மற்றுமோர் ஆட்டத்தில் சாய்க்கப்பட்டு, விரல்கள் விறைத்துக் கிடந்த காட்சியை உலகமே பார்த்தது. ஒக்டோபர் முதற்பாதிக்குள்ளேயே விதி திருத்தப்பட்டது. அவமானம் போதிய அளவு பெரிதாக இருந்தால் இரண்டு வாரங்களில் விதி மாறும் என்பதை அன்று அறிந்து கொண்டோம்.

பின்னர் நடந்தவற்றையும் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். ஸ்மித், இருபது ஆண்டுகளுக்கு முன்னர் மொன்டானா போன அதே கன்சாஸ் சிற்றிக்கு 2013இல் அனுப்பப்பட்டார். முந்திய ஆண்டு இரண்டே ஆட்டங்களில் வென்றிருந்த அணி, அவர் போன ஆண்டில் பதினொன்றில் வென்றது. 2017இல் அங்கும் ஓர் இளைஞனைக் கொண்டு வந்தார்கள். பெயர் பற்றிக் மஹோம்ஸ். தன் இடத்தை எடுக்கப் போகிறவன் இவன்தான் என்று தெரிந்தும், ஸ்மித் அந்த ஆண்டு முழுவதும் அவனுக்குத் தன் தொழிலைக் காட்டிக் கொடுத்தார். மஹோம்ஸ் அதைப் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். ஸ்மித் அடுத்து வொஷிங்டன் போனார். 2018 நவம்பர் 18ஆந் திகதி கால் முறிந்து, கிருமி தொற்றி, காலையே இழக்கும் நிலைக்குப் போய், 17 சத்திரசிகிச்சைகளுக்குப் பிறகு 2020 ஒக்டோபரில் மீண்டும் களமிறங்கினார். 2021இல் ஓய்வு பெற்றார்.

கப்பர்னிக்கும் தன் இடத்தை இழந்தார். 2016இல் நாட்டின் தேசிய கீதம் இசைக்கப்படும்போது, கறுப்பின மக்களுக்கு இழைக்கப்படும் அநீதிகளைச் சுட்டி முழந்தாளிட்டு நின்றார். 2017 முதல் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. ஒருவர் தலை சுற்றுகிறது என்றார். மற்றவர் மனம் பொறுக்கவில்லை என்றார். இரண்டு வழக்குகளும் வேறு வேறு. ஆயினும் வாய் திறந்தவர்களுக்கு அந்தத் தொழிலில் என்ன நேர்ந்தது என்பதை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சென்ற மாதம் அக்காவின் மகன் தொலைபேசியில் பேசினான். இப்போது அவனுக்கே பதினான்கு வயதில் ஒரு மகன். பாடசாலை அணியில் விளையாடுகிறான். குவாட்டர்பக் அல்ல, முன்வரிசையில் நிற்பவன். "ஹார்போ செய்தது சரி எண்டுதான் இப்பவும் சொல்லுறன் மாமா" என்றான். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பின்னர், "ஆனா இவனிட்டை நான் சொல்லி வைச்சிருக்கிறன், தலை கொஞ்சம் சுத்தினாலும் உடனை சொல்லிப்போட வேணும், இடம் போனாலும் பரவாயில்லை எண்டு" என்றான்.

அவன் சொல்வானா என்று கேட்டேன்.

"அதுதான் தெரியேல்லை" என்றான்.